நின்றால் வரும் தலைவலி: மூளைப் படத்தின் வழியே நீரழுத்தக் குறைவைக் கண்டறிந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் தென்மாவட்ட நகரம் ஒன்றில், பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் விற்பனையாளராக வேலை பார்த்துவந்த 41 வயதுப் பெண்ணின் நோய்க்கதை இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம். அவருக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இல்லை. இரண்டு பிரசவங்களும் அறுவை சிகிச்சை மூலம் நடந்தவை. இளையவருக்கே பதினான்கு வயதாகிறது. விபத்தில் அடிபட்டதாகவோ கீழே விழுந்ததாகவோ அவருக்கு நினைவில்லை. ஆடி மாதத் தள்ளுபடி விற்பனையின்போது மேல்தட்டிலிருந்து சேலைக் கட்டு ஒன்றை இழுத்து இறக்கியபோது தோள்பட்டைகளுக்கு நடுவே 'சுளீர்' என்று பிடித்ததாகவும், மறுநாளிலிருந்து பிடரியில் வலி தொடங்கியதாகவும் மட்டும் சொன்னார்.

தண்டுவட உறையில் தானாக ஏற்படும் கசிவால் மூளையைச் சூழ்ந்த நீர் குறைந்துபோகும் இந்த நோய், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 5 பேருக்குப் புதிதாக வருவதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. நாற்பது வயதை ஒட்டியவர்களையும் ஆண்களைவிடப் பெண்களையும் அது அதிகம் தாக்குகிறது. இதை 1938இலேயே ஜெர்மானிய நரம்பியலாளர் ஷால்டன்பிராண்ட் விவரித்துவிட்டார். ஆனாலும் எம்.ஆர்.ஐ. வரும்வரை இது பாடநூலின் மூலையில்தான் கிடந்தது. படம் வந்த பிறகும் அதைத் தவறாகப் படிக்கும் வாய்ப்பு எவ்வளவு அதிகம் என்பதற்கு இந்த நிகழ்வு நல்ல சான்று.

எங்களிடம் வருமுன்

முதல் இரண்டு வாரங்கள் வலி மாத்திரைகளிலேயே கழிந்தன. பிறகு கழுத்து எலும்புத் தேய்மானம் என்று கழுத்துப்பட்டை கொடுத்தார்கள். ஒற்றைத் தலைவலிக்கான மாத்திரையும் எழுதப்பட்டது. உறவினர்களோ, பிரசவத்தின்போது முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்று உறுதியாக நம்பினார்கள். அந்த ஊசியால் வரும் தலைவலி சில நாட்களுக்குள்ளேயே வந்துவிடும்; பதினான்கு ஆண்டுகள் காத்திருந்து வராது.

நான்காவது வாரத்தில் எடுத்த சி.டி. ஸ்கேனில், இருபுறமும் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் தெரிந்தது. அதைத் தொடர்ந்து வெளி மையமொன்றில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் நான்கு வரிகள் இருந்தன. சிறுமூளையின் அடிநுனிகள் 6 மி.மீ. கீழிறங்கியிருப்பதால் கியாரி வகைப் பிறவிக் குறைபாடு இருக்கலாம் என்றது ஒரு வரி. பிட்யூட்டரி சுரப்பி பருத்திருப்பதால் ஹார்மோன் பரிசோதனை தேவை என்றது அடுத்தது. மூளையுறை கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்று ஒளிர்வதால் காசநோய் மூளைக்காய்ச்சலை விலக்க வேண்டும் என்றது மூன்றாவது. உறைக்கடியிலுள்ள நீர்த்தேக்கத்துக்கு நரம்பு அறுவை நிபுணரைக் காணுமாறு நான்காவது வரி பரிந்துரைத்தது.

கவனித்தவை நான்குமே சரி. அந்த மட்டில் அறிக்கையில் பிழை இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் நோயாளியை ஒவ்வொரு துறைக்கு அனுப்பியது. ஸ்கேன் கோரிக்கைச் சீட்டில் 'தலைவலி, ஒரு மாதம்' என்ற இரண்டு சொற்றொடர்கள் மட்டுமே எழுதப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். படம் படிப்பவருக்கு வேறு எந்தத் துப்பும் கொடுக்கப்படவில்லை.

நேரில் கேட்டதும் பார்த்ததும்

ஆறாவது வாரத்தில், காசநோய் மருந்தைத் தொடங்கலாமா என்ற கேள்வியோடு அவர் எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். புறநோயாளிப் பிரிவில் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சில் முந்தானையைத் தலைக்கடியில் சுருட்டி வைத்துப் படுத்திருந்தார். மயக்கமா என்று செவிலியர் கேட்டதற்கு, "இல்ல சிஸ்டர், படுத்தா போயிடுது, எந்திரிச்சா வந்துடுது" என்றார். நோயின் பெயரைத் தவிர மற்ற எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

மேலும் விசாரித்ததில் விவரங்கள் தெளிவாயின. காலையில் கண்விழிக்கும்போது வலி இருப்பதில்லை. எழுந்து சமையலை முடிப்பதற்குள் பிடரியில் தொடங்கும். கடையில் நண்பகலைத் தாண்டும்போது தாங்க முடியாததாகிவிடும். உட்காரும் உரிமையை 2021இல் தமிழ்நாட்டில் சட்டமாக்கிய பிறகு கடையில் முக்காலி போடப்பட்டிருந்தது. ஆனால் உட்கார்ந்தும் பயனில்லை என்றார். சரக்கறையில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் தரையில் கால்மணி நேரம் படுத்தால் மட்டுமே வலி விடும். இரு காதுகளும் அடைத்தாற்போல் இருப்பதும், பிறர் பேசுவது குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதும் அவருக்குத் தலைவலியைவிட அதிகப் பயத்தைத் தந்திருந்தன.

காய்ச்சலோ எடைக் குறைவோ இருமலோ இல்லை. கழுத்தில் இலேசான இறுக்கம் இருந்தது. நினைவும் பேச்சும் தெளிவாக இருந்தன; கை கால்களில் பலவீனம் இல்லை; கண்ணின் உட்புறம் இயல்பாக இருந்தது. மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனைகளும் நோய்த்தொற்றுக்கான தடயம் எதையும் காட்டவில்லை.

மூளைப் படத்தை மீண்டும் படித்தபோது

பழைய எம்.ஆர்.ஐ. தகட்டையும் குறுவட்டையும் வாங்கி, நிற்கும்போது மட்டும் வரும் தலைவலி என்ற ஒரே செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்த்தோம். கான்ட்ராஸ்ட் கொடுத்த படத் தொடர் ஏற்கெனவே இருந்ததால் மூளைக்கு மறுபடி ஸ்கேன் எடுக்கத் தேவைப்படவில்லை.

இந்தப் படங்களைப் படிக்க ஓர் அடிப்படை விதியை நினைவில் கொள்ள வேண்டும். மண்டையோடு விரியாது; அதனுள் மூளை, இரத்தம், நீர் என மூன்றும் சேர்ந்த மொத்தக் கொள்ளளவு மாறாமல் இருக்கும். ஸ்காட்லாந்து மருத்துவர்களான மன்றோவும் கெல்லியும் வகுத்த விதி இது. நீரின் மொத்த அளவு ஏறத்தாழ 150 மி.லி.; ஒரு நாளில் சுரப்பது ஏறத்தாழ 500 மி.லி. சுரப்பை மிஞ்சிக் கசிந்தால், காலியான இடத்தை இரத்தம்தான் நிரப்ப வேண்டும். ஆகவே சிரைகள் வீங்குகின்றன; டியூரா எனப்படும் வெளியுறையின் நுண்குழாய்கள் விரிகின்றன; பிட்யூட்டரியிலும் இரத்தம் கூடி அது பருக்கிறது. அப்போதும் நிரம்பாத இடத்தில், வெளியுறைக்கடியில் நீர் தேங்குகிறது. ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை, நீரில் மிதப்பதால்தான் 50 கிராம் அளவுக்கு இலேசாக இருக்கிறது. மிதப்பு குறைந்ததும் அது கீழ்நோக்கித் தொய்கிறது. முந்தைய அறிக்கையின் நான்கு வரிகளும் இந்த ஒரே பத்திக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம்.

காசநோய் என்ற ஐயத்தை எழுப்பிய ஒளிர்வைத்தான் முதலில் ஆராய்ந்தோம். மேற்புறத்திலும், சிறுமூளையைச் சுற்றியும், இருபக்கமும் சமச்சீராக, முடிச்சுகளோ மேடுபள்ளங்களோ இல்லாமல், பேனாவால் தடிமனாகக் கோடிழுத்ததுபோல் வெளியுறை மட்டும் ஒளிர்ந்தது. மூளையின் மடிப்புகளுக்குள் அந்த ஒளிர்வு எங்கும் இறங்கவில்லை. காசநோய் மூளைக்காய்ச்சலின் வழக்கம் வேறு: அது மூளையின் அடிப்பகுதியில் மென்னுறைகளைப் பற்றும், மடிப்புகளுக்குள் இறங்கும், பெரும்பாலும் மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் நீரறைகள் விரியும். இவருடைய நீரறைகளோ சிறுத்திருந்தன. புற்றுநோய்ப் பரவலில் வெளியுறை ஒளிர்ந்தால் பெரும்பாலும் திட்டுத் திட்டாகவோ முடிச்சாகவோ இருக்கும். அதுவும் இங்கே இல்லை.

கியாரி என்ற ஐயத்துக்கு நடுக்கோட்டுப் படமே விடை தந்தது. பிறவிக் குறைபாட்டில் சிறுமூளையின் நுனிகள் இறங்கினாலும் மூளைத்தண்டு பொதுவாகத் தன் இடத்தில் இருக்கும். இங்கே மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸ் தட்டையாகி முன்னாலுள்ள எலும்புச் சரிவை நோக்கிச் சாய்ந்திருந்தது. பார்வை நரம்புச் சந்தி, பிட்யூட்டரியின்மீது கவிந்தாற்போல் இருந்தது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பிடரி எலும்பை அகற்றும் அறுவை சிகிச்சை வரை போன நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

பக்கவாட்டுப் பெருஞ்சிரையின் நடுப்பகுதியில், வழக்கமாக உட்குழிந்தோ நேராகவோ இருக்கும் கீழ்விளிம்பு வெளிப்புறமாகப் புடைத்திருந்தது. இதை முந்தைய அறிக்கை குறிப்பிடவில்லை. தேடாதவர் கண்ணில் எளிதில் படக்கூடிய அடையாளமும் அல்ல.

பிறகு அளவுகளை எடுத்தோம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட மதிப்பெண் முறை ஆறு அடையாளங்களைக் கணக்கிடுகிறது. வெளியுறை ஒளிர்வு, பெருஞ்சிரை வீக்கம், பார்வை நரம்புச் சந்திக்கும் பிட்யூட்டரிக்கும் இடையிலான நீர்வெளி 4 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்குதல் ஆகிய மூன்றுக்கும் இரண்டிரண்டு மதிப்பெண்கள். வெளியுறைக்கடியில் நீர்த்தேக்கம், பான்ஸுக்கு முன்னுள்ள நீர்வெளி 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழ், மூளையின் அடியில் சிறு மேடாக உள்ள மாமில்லரி முகிழுக்கும் பான்ஸுக்கும் இடையிலான தூரம் 6.5 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மதிப்பெண். மொத்தம் 9, ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் தண்டுவடத்தில் கசிவு அகப்படும் வாய்ப்பு மிக அதிகம், இரண்டும் அதற்குக் கீழும் என்றால் குறைவு. இவருக்கு முதல் நீர்வெளி 3 மி.மீ., பான்ஸ் முன் நீர்வெளி 5.5 மி.மீ., மாமில்லரி தூரம் 5 மி.மீ. அரை மில்லிமீட்டரில் ஒரு மதிப்பெண் போக, மொத்தம் 8 வந்தது. இந்த எண், கண்ணால் பார்த்து ஏற்கெனவே வந்துவிட்ட முடிவை உறுதிசெய்தது. அதற்கு மேல் ஒரு பயனும் இருந்தது. மற்றத் துறையினரிடம் 'மூளை தொய்ந்திருக்கிறது' என்பதைவிட '9க்கு 8' என்று சொன்னபோது பேச்சு விரைவில் முடிந்தது.

செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தவை

அன்று மாலை நரம்பியல், நரம்பு அறுவை, கதிரியக்கவியல், மயக்கவியல் ஆகிய நான்கு துறையினரும் கூடிப் பேசினோம். எடுத்த முடிவுகளில் முக்கியமானவை மறுப்புகளே.

முதலாவது, காசநோய் மருந்தைத் தொடங்கவில்லை. காசநோய் மூளைக்காய்ச்சலைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், ஐயம் வந்தாலே மருந்தைத் தொடங்குவது நம் ஊர் மருத்துவர்களின் வழக்கம்; நியாயமான வழக்கம்தான். ஆனால் ஆறு வாரமாகக் காய்ச்சல் இல்லாமல், தெளிந்த நினைவோடு, படுத்தால் வலி மறையும் ஒருவருக்கு, மாதக்கணக்கில் தொடர வேண்டிய மருந்தையும் அதனுடன் ஸ்டீராய்டையும் கொடுக்கப் படத்தில் ஆதாரம் இல்லை.

இரண்டாவது, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கவில்லை. இதில்தான் கருத்து வேறுபாடு இருந்தது. அழுத்தம் 60 மி.மீ. நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதை அளந்து காட்டிவிட்டால் நோய் உறுதியாகிவிடும், தொற்றும் விலகிவிடும் என்பது ஒரு தரப்பின் வாதம். எதிர்வாதம் இது: இந்த நோயாளிகளில் பெரும்பகுதியினருக்கு அளக்கும்போது அழுத்தம் இயல்பாகவே இருக்கும், ஆகவே இயல்பான எண் வந்தால் அது நோயை விலக்காது. மேலும் நீரழுத்தக் குறைவிலேயே நீரில் புரதம் கூடுவதும் லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள் சற்று அதிகமாவதும் உண்டு. அந்த முடிவு கையில் வந்திருந்தால் காசநோய் ஐயம் வலுப்பட்டிருக்குமே தவிர நீங்கியிருக்காது. ஏற்கெனவே கசியும் உறையில் இன்னொரு துளை வேறு. படமே போதிய சான்றாக இருப்பதால், காய்ச்சலோ நினைவுத் தடுமாற்றமோ வந்தால் மட்டும் நீர் எடுப்பது என்று முடிவாயிற்று.

மூன்றாவது, மண்டையில் துளையிட்டு நீர்த்தேக்கத்தை வடிக்கவில்லை. தேக்கம் 6 மி.மீ. தடிமனே இருந்தது, நடுக்கோடு விலகவில்லை. கசிவு திறந்திருக்கும்போது மேலே வடித்தால் மூளை இன்னும் தொய்வதற்கே வழி. மயக்கமோ குழப்பமோ வந்தால் உடனே அழைக்குமாறு வார்டில் எழுதிவைத்தோம். சிரைகளில் இரத்தம் உறைவதும் இந்த நோயின் பக்கவிளைவுகளில் ஒன்று என்பதால், பெருஞ்சிரைகள் அடைபடாமல் இருப்பதைப் படத்தில் உறுதிசெய்துகொண்டோம்.

கசிவைத் தேடியது

தண்டுவடம் முழுவதற்கும் கொழுப்பை மறைத்து நீரை மட்டும் துலக்கிக் காட்டும் டி2 எம்.ஆர்.ஐ. எடுத்தோம், இதற்குக் கான்ட்ராஸ்ட் தேவையில்லை. கழுத்தின் அடியிலிருந்து நெஞ்சுப் பகுதியின் ஒன்பதாம் முள்ளெலும்பு வரை, உறைக்கு வெளியே முன்புறத்தில் நீர் நீண்டு தேங்கியிருந்தது. உறை ஒரு கறுப்பு இழையாக எலும்பிலிருந்து விலகித் தெரிந்தது. நீர் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது துளை எங்கே என்பதைச் சொல்லிவிடாது. நெஞ்சுப் பகுதிக்கு மட்டும் எடுத்த மென்துண்டு சி.டி.யில், இரண்டாம் மூன்றாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலான, டிஸ்க் எனப்படும் வட்டிலிலிருந்து சுண்ணாம்பேறிய சிறு முள் ஒன்று பின்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே 'சுளீர்' என்ற இடமும் அதுவே. அந்த முள் உறையைக் கிழித்திருக்கக்கூடும் என்று கருதினோம். உறுதிசெய்ய உறைக்குள் மருந்து செலுத்தி, அது வெளியேறும் நொடியையே பிடிக்கும் விரைவு சி.டி. எடுக்க வேண்டும்; முதல் சிகிச்சைக்கு அந்த அளவு துல்லியம் தேவையில்லை என்பதால் ஒத்திவைத்தோம்.

சிகிச்சையும் எதிர்பாராத திருப்பமும்

படுக்கை ஓய்வையும் காபியையும் அவர் வீட்டிலேயே முயன்று பார்த்துவிட்டார். எனவே பிளட் பேட்ச் செய்தோம்: நோயாளியின் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, இடுப்புப் பகுதியில் உறைக்கு வெளியே செலுத்துவது. பிரசவ அறுவைக்குப் பின் வரும் தலைவலிக்காக மயக்க மருத்துவர்கள் கைப்பழக்கமாகச் செய்துவரும் முறைதான். 20 மி.லி. ஆனதும் இடுப்பில் இறுக்கம் தெரிவதாக அவர் சொல்லவே நிறுத்திக்கொண்டோம். இரத்தம் மேல்நோக்கிப் பரவுவதற்காகக் கட்டிலின் கால்மாட்டில் மரக்கட்டைகளை வைத்து உயர்த்தி, ஒரு நாள் படுக்கவைத்தோம்.

மறுநாள் காலை எழுந்து நடந்தார். பிடரி வலி இல்லை, காதடைப்பும் விலகியிருந்தது. அன்றிரவே தலைவலி மீண்டும் வந்தது. சிகிச்சை பலிக்கவில்லை என்று கருதிய இரவுப் பணியாளர்கள், முந்தைய குறிப்பில் உள்ளபடியே அவரைக் கால்மாடு உயர்த்திப் படுக்கவைத்தார்கள். வலி கூடியது, இரண்டு முறை வாந்தி எடுத்தார். காலையில் கேட்டபோதுதான் வலி இடம் மாறியிருப்பது தெரிந்தது. இப்போது அது நெற்றியிலும் கண்களுக்குப் பின்னாலும் இருந்தது. படுத்தால் அதிகமாகி, உட்கார்ந்தால் குறைந்தது. கசிவு அடைபட்டதும் நீரழுத்தம் தற்காலிகமாக அளவுக்கு மேல் உயர்வது இந்தச் சிகிச்சையின் அறியப்பட்ட பின்விளைவு. மரக்கட்டைகளை எடுத்துத் தலைமாட்டுக்கு மாற்றினோம். நீர்ச்சுரப்பைக் குறைக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையைத் தொடங்கினோம். கண் மருத்துவர் பார்வை நரம்பில் வீக்கம் இல்லை என்றார். சில நாட்களில் வலி அடங்கியது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். குனிதல், முறுக்குதல், பாரம் தூக்குதல் ஆகியவற்றை ஆறு வாரம் தவிர்க்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம். கடை நிர்வாகம் அவரைப் பில் போடும் இடத்துக்கு மாற்றித் தந்தது.

மூன்று மாதங்களுக்குப் பின்னும் அதற்கு அப்பாலும்

மூன்றாம் மாத எம்.ஆர்.ஐ.யில் வெளியுறை ஒளிர்வும் நீர்த்தேக்கமும் மறைந்திருந்தன. சிறுமூளை நுனிகள் மேலேறிவிட்டன. பிட்யூட்டரி இயல்பான அளவுக்குத் திரும்பியது. மாமில்லரி தூரம் 7.5 மி.மீ. ஆயிற்று. மதிப்பெண் சுழியம். முன்பு எழுதப்பட்ட நான்கு ஐயங்களும் தனித்தனி மருந்தில்லாமலே தீர்ந்தன.

தண்டுவடப் படம் அவ்வளவு தெளிவாக இல்லை. மேல் நெஞ்சுப் பகுதியில் மெல்லிய நீர்ப்படலம் எஞ்சியிருந்தது. நோயாளிக்கோ எந்தத் தொல்லையும் இல்லை. மூளைப் படம் இயல்பாகிவிட்டது, வலியும் இல்லை, விட்டுவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயற்கை. ஆனால் முன்புறக் கிழிசல் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் இருந்தால், சிறிது சிறிதாகக் கசியும் இரத்தத்தின் இரும்புச்சத்து மூளையின் மேற்பரப்பில் படிந்து, செவித்திறனையும் நடையையும் பிற்காலத்தில் பாதிக்கக்கூடும். இதை அவரிடமும் கணவரிடமும் படத்தைக் காட்டியே விளக்கினோம். அவர்கள் சம்மதத்துடன், சி.டி. வழிகாட்டுதலில் அந்த எலும்பு முள்ளுக்கு அருகிலேயே இரண்டாவது பேட்ச் செய்யப்பட்டது. அதற்கு ஆறு மாதங்களுக்குப் பின் எடுத்த தண்டுவடப் படத்தில் நீர் இல்லை. மீண்டும் தென்பட்டால், விரைவு சி.டி. எடுத்து அறுவை மூலம் கிழிசலைத் தைப்பது என்பது திட்டம்.

மாற்றியவை

எங்கள் ஸ்கேன் கோரிக்கைச் சீட்டில் தலைவலி நோயாளிகளுக்கென 'நின்றால் / படுத்தால்' என்ற கட்டம் சேர்க்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் நின்றால் வலி என்று குறித்திருந்தால், மூளைக்குக் கான்ட்ராஸ்ட் தொடரும் தண்டுவடத்துக்கு நீர் துலக்கும் தொடரும் ஒரே அமர்வில் எடுக்கப்படுகின்றன. பக்கவாட்டுப் பெருஞ்சிரையின் விளிம்பும் மேற்சொன்ன மூன்று தூரங்களும் அறிக்கையில் எழுதப்படுகின்றன. படத்துக்கு முன் நீர் எடுப்பதில்லை.

மூளைப் படம் இயல்பாக இருப்பதை வைத்து நோயை விலக்குவதும் நின்றுவிட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இயல்பாகவே இருக்கும். நோய் நீடிக்க நீடிக்க வெளியுறை ஒளிர்வு மங்கவும் செய்யும். அறிகுறி பொருந்தினால் தண்டுவடப் படம் எடுக்கிறோம். அதிலும் நீர் தெரியாவிட்டால், 2014இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட, நீர் நேரடியாகச் சிரைக்குள் வடியும் சிரைவழிக் கசிவு இருக்கலாம் என்று கருதி, உறைக்குள் மருந்து செலுத்தி ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுக்கும் மைலோகிராம் என்ற தண்டுவடப் படத்துக்கான வசதி உள்ள பெரிய மையத்துக்கு அனுப்புகிறோம். இந்த வகைக் கசிவில் உறைக்கு வெளியே நீர் தேங்குவதே இல்லை.

பிளட் பேட்ச் செய்தவர்களின் வார்டுக் குறிப்பில் இப்போது கூடுதலாக ஓர் அறிவுரை இருக்கிறது: தலைவலி திரும்பினால் முதலில் அது நெற்றியிலா பிடரியிலா, படுத்தால் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டு எழுதிய பிறகே கட்டிலின் உயரத்தை மாற்ற வேண்டும்.